கப்பித்தானின் மீள்குடியேற்றம்

வளர்ப்புப் பிராணி ஒன்றை இன்னொருவர் கையில் ஒப்படைப்பது இலகுவான காரியம் என்று எண்ணுகிறவர்கள், அதை ஒருபோதும் சட்டப்படி செய்து பார்க்காதவர்கள். கீரிக் கிராமத்தில் வாழ்ந்த எடித் அம்மா சட்டப்படி செய்ய விரும்பினார். பின்னர் நடந்தவை யாவும் அந்த ஒரு விருப்பத்தினால் விளைந்தவை.

எடித் அம்மா கணவரை இழந்தவர். கனடாவில் இருக்கும் மகள் சுவேதினி, அம்மா இனித் தனியே இருக்கலாகாது என்று தானே தீர்மானித்து, வதிவிட அனுமதியும் பெற்று, விமானச் சீட்டையும் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வாடகை ஆட்கள் கிடைத்தார்கள். கதிரைகளும் அலுமாரியும் பங்குக் கோயிலுக்குப் போயின. கோழிகளைத் தாழ்வுபாட்டுக் கிராமத்தில் உள்ள உறவினர் ஏற்றுக்கொண்டனர். எஞ்சியது கப்பித்தான்.

கப்பித்தான் ஓர் ஆமை. முதுகோட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல் விரிந்த தரை ஆமை. காலஞ்சென்ற கணவர் கிறகரி, கொண்டச்சிப் பக்கத்துப் பற்றைக்காட்டில் விறகுக்குப் போன இடத்தில் இதைக் கண்டு கொண்டுவந்தார். வளவை நாள்தோறும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்வையிட்டு, எதிலும் திருப்தியடையாத முகத்துடன் திரும்பி வந்தமையால் கப்பல் தலைவனைக் குறிக்கும் அப்பெயரைச் சூட்டினார். கணவர் போனபின் அந்த வளவில் எடித் அம்மாவுக்கு எஞ்சிய பேச்சுத்துணை கப்பித்தானே. அது மறுமொழி சொல்வதில்லை என்பது ஒரு குறையாக அவருக்குத் தோன்றியதில்லை. கிறகரியும் அதிகம் பேசாதவரே.

ஆகவே, அதை எவரிடம் விடுவது என்பதில் எடித் அம்மாவுக்கு உறுதியான நிபந்தனைகள் இருந்தன. சீமெந்துத் தரையில் அடைத்து வைத்தலாகாது. ஓட்டில் துளையிட்டுக் கயிறு கட்டலாகாது. காலையில் வெயிலும் மதியத்தில் நிழலும், இடைக்கிடை ஒரு செவ்வரத்தம்பூவும் வேண்டும்.

விடுதி நடத்தும் றொட்னி முதலில் வந்தார். வரவேற்பு மேசையருகில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் வரும் என்று அவர் கைத்தொலைபேசியில் பார்த்திருந்தார். கொழும்பில் இப்போது அதுவே நாகரிகமாம்.

"நல்லாப் பார்ப்பன் அன்ரி. மாபிள் தரை. ஏசியும் இருக்கு. வாற ஆக்கள் சேர்ந்து நிண்டு படம் எடுக்கலாம்."

"இரவில எங்க விடுவீங்கள்?"

"ஓட்டில சின்னனா ஒரு ஓட்டை போட்டுச் சங்கிலி ஒண்டு..."

எடித் அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். இரண்டாம் கோப்பை கொடுக்கவில்லை.

அடுத்து, ஓட்டோ ஓடும் தமையன் மகன் றொஷான் யோசனை சொன்னான். "மாமி, ஓட்டோவில ஏத்திக்கொண்டு போய்க் கொண்டச்சிப் பத்தைக்குள்ள விட்டுட்டு வருவம். ஆர் கேக்கப் போறது?"

"களவா விடுறதோ? முப்பது வருசத்துக்கு மேல என்னோட இருந்தது. உரிய ஆக்களிட்டக் குடுத்து, அவையள் பொறுப்பா விடவேணும்."

"உரிய ஆக்களோ?" என்றான் றொஷான். பிறகு, பெரியவர்களுக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவனாதலால், ஓட்டோவை எடுத்தான்.

உரிய ஆக்கள் இருந்த இடம், வாழ்விட அலுவல்கள் ஒருங்கிணைப்புக் கந்தோர். முன்னர் விலங்குகளின் வாழிடத்துக்கு ஒரு கந்தோரும் மனிதரின் வதிவிடத்துக்கு ஒரு கந்தோரும் இருந்தன. அரச சிக்கன நடவடிக்கையின்போது, இரு தரப்பினரும் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும் என்ற நியாயத்தினால், இரண்டும் ஒரே மேசையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அம்மேசையில் இருந்தவர் விடய உத்தியோகத்தர் முபீன்.

எடித் அம்மா கப்பித்தான் இருந்த பிளாஸ்ரிக் பேசினை மேசைமேல் வைத்தார்.

"இதென்னம்மா?"

"ஆமை, தம்பி."

"ஆமை எண்டு தெரியுது. எங்கயிருந்து வந்தது?"

"என்ர வீட்டிலயிருந்து."

"வீட்டில இந்த ஆமை இருக்கேலாது. சட்டத்தால தடை."

"அதுக்குத்தான் கொண்டந்தனான்."

"கொண்டு வரவும் ஏலாது. அனுமதியில்லாமல் ஏத்தி இறக்கிறது வேற குற்றம்."

"அப்ப திருப்பிக் கொண்டு போறன்."

"அது ரெண்டாந்தரம் ஏத்தினதாப் போகும்."

"சரி, இஞ்சயே விட்டுட்டுப் போகட்டோ?"

முபீன் எழுந்தே விட்டார். "ஐயோ அம்மா! அரச கட்டடத்தில உயிரினத்தைக் கைவிடுறது எல்லாத்திலும் பெரிய குற்றம்!"

இவ்வாறு, வீட்டில் இருக்கவோ, வரவோ, போகவோ, நிற்கவோ உரிமையற்ற ஓர் உயிராகக் கப்பித்தான் அம்மேசைமேல் இருந்தது. அது பேசினின் விளிம்பால் எட்டிப் பார்த்து, அருகிலிருந்த சுற்றுநிருபத்தின் ஓரத்தைச் சற்றே சுவைத்து, உவப்பின்றி விட்டுவிட்டது.

முபீன் கெட்டவர் அல்லர். தீர்வு காணவே முயன்றார். "நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ. உங்கட வீட்டில இருந்ததெண்டு எழுதினா உங்களில வழக்கு வரும். இருக்கேல்லையெண்டு எழுதினா, இல்லாத ஆமையை நான் எப்பிடிப் பாரமெடுக்கிறது?"

"அப்ப இதுக்கு ஒரு வழியும் இல்லையோ, தம்பி?"

முபீன் மேசையின் மறுபுறத்தைப் பார்த்தார். அங்கே மனித வதிவிடம் சார்ந்த கோவைகள் இருந்தன. கொண்டச்சிக்குப் போகும் பாதையில் அமைக்கப்பட்ட மாதிரிக் கிராமத்தில் மீள்குடியேற்றப்பட வேண்டிய குடும்பங்களில் ஒன்று, காத்திருந்து களைத்து வவுனியாவுக்குப் போய்விட்டது. ஆண்டு முடிவதற்குள் இலக்கில் ஒரு குடும்பம் குறைந்தால் விளக்கம் கோரப்படும். முபீன் அந்தக் கோவையைப் பார்த்தார். ஆமையைப் பார்த்தார். மீண்டும் கோவையைப் பார்த்தார்.

"அம்மா," என்றார் மெல்ல, "இந்த ஆமை இடம்பெயர்ந்ததோ?"

எடித் அம்மா பொய் சொல்லாதவர். "ஓம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில மடுக் கோயிலுக்கு ஓடேக்க, இவர் இதை வாளிக்குள்ள வச்சுத் தூக்கிக்கொண்டு வந்தவர். உடுப்புப் பையை விட்டிட்டம், இதை விடேல்ல. பிறகு திரும்பி வந்து, பிறகும் ஒருக்கா ஓடினது."

"சொந்த இடம்?"

"கொண்டச்சிப் பக்கம்."

"இன்னும் சொந்த இடத்துக்குத் திரும்பேல்ல?"

"இல்லை."

"இதையெல்லோ அம்மா நீங்கள் முதலிலயே சொல்லியிருக்க வேணும்!"

வாசகர்கள் வியப்படைய வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் ஓர் உயிர் எங்கே பிறந்தது என்று நிறுவுவது கடினம். எங்கிருந்து எங்கே ஓடிற்று என்று நிறுவுவது மிக எளிது. அதற்கான கேள்விகள் ஒவ்வோர் உத்தியோகத்தருக்கும் மனப்பாடம். மறுமொழிகள் ஒவ்வொரு வீட்டாருக்கும் மனப்பாடம். இரண்டு முறை ஓடிய ஒருவருக்கு மீள்குடியேறத் தகுதி உண்டா என்றால், உண்டு. கால்கள் எத்தனை என்று அந்தப் படிவம் கேட்பதில்லை.

பதிவு முடிந்தபின், தேவை மதிப்பீட்டுக்காக 'புலரும் கரங்கள்' என்னும் தொண்டு நிறுவனத்திலிருந்து றெபேக்கா என்னும் இளம்பெண் கீரிக்கு வந்தார். நிறுவனத்தின் பெயர் பொறித்த மேலங்கி, நிறுவனத்தின் பெயர் பொறித்த தொப்பி, நிறுவனத்தின் பெயர் பொறித்த தண்ணீர்ப் போத்தல் ஆகியன அவரிடம் இருந்தன.

"குடும்பத் தலைவர் ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்.

"கப்பித்தான் ஆண்தானே," என்றார் எடித் அம்மா.

றெபேக்கா கைத்தொலைபேசியில் எதையோ வாசித்தார். பின்னர் கப்பித்தானை மெதுவாகப் புரட்டி வயிற்றோட்டைத் தடவினார். "இல்லை அம்மா. ஆண் எண்டால் இதில குழி இருக்கும். இது தட்டை. பெண்."

எடித் அம்மா திகைத்துப்போனார். "அவருக்குத் தெரியாமலே போச்சே!"

"கவலைப்படாதீங்கோ, இது நல்ல விசயம். பெண் தலைமைத்துவக் குடும்பத்துக்கு முன்னுரிமை இருக்கு." றெபேக்கா மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார். "துணைவர்?"

"கண்டதேயில்லை."

"காணாமல் போனவர் எண்டு போடுறன்." அவர் மேலும் குனிந்து நோக்கினார். அப்போது கப்பித்தான் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. றெபேக்காவின் முகம் கனிந்தது. "பாருங்கோ, ஆக்களைக் கண்டா உள்ளுக்குள்ள ஒடுங்குறா. உளவளத்துணை தேவைப்படும்."

"அது பிறந்ததிலயிருந்து அப்பிடித்தான், பிள்ளை."

"அதுதான் அம்மா. நெடுநாள் பாதிப்பு."

அடுத்த கேள்வியில்தான் முடிச்சு விழுந்தது. நிரந்தர வீடு இல்லாதவர்களுக்கே வீட்டுத்திட்டம். கப்பித்தானிடமோ வீடு ஏற்கெனவே இருந்தது. அதுவும் கூரை, சுவர் இரண்டும் ஒன்றாய் அமைந்த, மழை ஒழுகாத வீடு. றெபேக்கா முபீனுக்குத் தொலைபேசி எடுத்தார். முபீன் தம் மேலதிகாரியைக் கேட்டார். மேலதிகாரி, அந்த வீட்டில் மலசலகூடம் உண்டா என்று வினவினார். இல்லை என்று அறிக்கையிடப்பட்டது. ஆகவே, 'பகுதியளவில் பூர்த்தியான நிரந்தர வீடு' என்று வகைப்படுத்தப்பட்டு, பயனாளிக்கு ஒரு மலசலகூடமும் ஒரு குழாய்நீர் இணைப்பும் ஒரு துண்டுக் காணியும் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. பெண் தலைமைத்துவக் குடும்பமாதலால், வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரம் ஒன்றும் சேர்க்கப்பட்டது.

"அங்க நிழல் இருக்குமோ?" என்று எடித் அம்மா ஒன்றை மட்டும் கேட்டார்.

"அது இந்தத் திட்டத்தில வராது அம்மா," என்றார் றெபேக்கா.

மாதிரிக் கிராமத்தில் நிழல் இருந்தது. அதை எவரும் திட்டமிடவில்லை. கிராமத்தின் பின்னால் உடைமரங்களும் பற்றைகளும் வெட்டப்படாமல் நின்றமையால் இருந்தது. அங்கே மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் தகரக் கொட்டில்களில் வாழ்ந்தன. தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, வன்னியில் குடியேறி, அங்கிருந்தும் ஓடி, இறுதியில் இங்கே கொணர்ந்து விடப்பட்டவர்கள். கிராமம் எந்த விதத்தில் மாதிரி என்று அவர்கள் கேட்டதில்லை. தண்ணீருக்குப் பிரதான வீதியில் உள்ள கிணற்றுக்கு நடந்தார்கள். மலசலகூடத்துக்கு உடைமரங்களின் மறைவு இருந்தது. அவர்களுடைய பெயர்கள் எப்போதும் 'அடுத்த கட்டத்தில்' இருந்தன.

கையளிப்பு வைபவத்துக்குப் பந்தல் போடப்பட்டது. பதாகை கட்டப்பட்டது. கப்பித்தானுக்கு மாலை அணிவிக்கப்பட்டது. அது மாலையில் பாதியைத் தின்றுவிட்டமையால் இரண்டாவது மாலை அணிவிக்கப்பட்டது. பிரதம விருந்தினர் நாடாவை வெட்டினார். வெள்ளையடித்த மலசலகூடத்தின் சுவரில், இன்னாரின் நிதியில் இன்னாரால் அமைக்கப்பட்டு இன்னாரால் திறந்து வைக்கப்பட்டது என்று கல்வெட்டு இருந்தது. கப்பித்தானின் பெயருக்கு இடம் போதவில்லை.

"நீண்ட காலமாகத் தன் மண்ணைப் பிரிந்திருந்த இத்தாய்," என்று பிரதம விருந்தினர் குரல் தழுதழுக்கப் பேசினார், "இன்று தலைநிமிர்ந்து நிற்கிறார்." கப்பித்தான் தலையை உள்ளே இழுத்தது. கைதட்டல் எழுந்தது.

அடுத்த கொட்டிலில் வசித்த மரியம்மா, கூட்டத்தின் பின்னால் எடித் அம்மாவின் அருகில் வந்து நின்றார்.

"ஒங்களுடையதா அம்மா?"

"ஓம். இவ்வளவு காலமும் என்னோடதான் இருந்தது."

"நல்ல ராசிங்க அதுக்கு. வீட்ட முதுகிலயே வச்சிருக்குது, அதுக்குக் கக்கூசு கட்டிக் குடுக்கிறாங்க. எங்களுக்கு வீடும் இல்ல, கக்கூசும் இல்ல. ஏன்னு கேட்டா, வீடு கெடச்சாத்தான் கக்கூசுன்னு சொல்றாங்க."

அவருடைய கணவர் மாரிமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பேசாம நம்மளும் ஊர்ந்து பாத்திருக்கலாம் புள்ள. நடந்து போய்க் கேட்டதுதான் தப்பாப் போச்சு."

எடித் அம்மாவுக்கு நாணமாக இருந்தது. "நான் இதையெல்லாம் கேக்கேல்ல, அம்மா. பொறுப்பான இடத்தில விடச் சொல்லித்தான் கேட்டனான்."

"ஒங்க மேல கோவம் இல்லீங்க. அதை நாங்க பாத்துக்கிறோம். நீங்க நிம்மதியாப் போய் வாங்க," என்றார் மரியம்மா. அந்த வைபவத்தில் பேசப்பட்ட ஒரே பொறுப்பான சொல் அது. ஒலிவாங்கிக்கு அது எட்டவில்லை.

மறுநாள் தண்ணீர் வந்தது. கப்பித்தானின் காணியில் மட்டும் வந்தது. குழாயடிக்குக் குடங்களுடன் வந்த பெண்களிடம், பயனாளியும் அவருடைய குடும்ப உறுப்பினரும் மட்டுமே நீர் பெறலாம் என்ற அறிவித்தல் காட்டப்பட்டது. மரியம்மா கந்தோருக்குப் போனார்.

"ஆமைக்கு எவ்வளவு தண்ணிங்க வேணும் சார்? ஒரு செரட்டை குடிக்குமா?"

முபீன் தலையைச் சொறிந்தார். "தண்ணி இருக்கு, அம்மா. ஆனா நீங்கள் அதின்ர குடும்பம் இல்லையே."

"குடும்பம்னு எழுதிக்குங்க சார்."

முபீன் விதிகளைப் புரட்டினார். ஆதரவற்ற ஒருவரைக் குடும்பத் தலைவர் தம் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. தலைவர் குறித்த காலத்துக்குள் ஆட்சேபிக்காவிட்டால் சரி. கப்பித்தான் ஆட்சேபிக்கவில்லை. மரியம்மாவின் குடும்பம் சேர்க்கப்பட்டது. அதைக் கண்டு அடுத்த குடும்பம் போயிற்று. அதற்கு அடுத்ததும் போயிற்று. விரைவில் மாதிரிக் கிராமம் முழுவதும் கப்பித்தானின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகிவிட்டது. மாரிமுத்து மட்டும், வயதைக் கருதி, மைத்துனர் என்று பதியப்பட்டார்.

குழாயடி நிறைந்தது. தையல் இயந்திரம் ஓடியது. ஆனால் ஒரு கவலை எல்லாருக்கும் பொதுவாக முளைத்தது. ஆமை நடந்து வீதிக்குப் போய்விட்டால்? லொறிச் சில்லுக்குள் அகப்பட்டால்? அதன் பெயரில்தான் காணி. அதன் பெயரில்தான் தண்ணீர். அன்பு மிகுந்த பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதையே அவர்களும் செய்தார்கள். தலைவியை மலசலகூடத்துக்குள் வைத்துக் கதவைப் பூட்டினார்கள்.

பயணத்துக்கு முன் பார்த்துவரலாம் என்று எடித் அம்மா றொஷானுடன் வந்தபோது, கப்பித்தான் சீமெந்துத் தரையில், சுவர் மூலையில், முகத்தைச் சுவருக்குக் கொடுத்தபடி கிடந்தது. முன்னே வெட்டிய தக்காளியும் கீரையும் குவிந்திருந்தன, தொடப்படவில்லை.

எடித் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இதுக்கோ நான் உரிய ஆக்களைத் தேடிப் போனனான்?"

"கொறையில்லாமத்தான் பாக்கிறோம் அம்மா," என்றார் மரியம்மா. அவருடைய குரலும் இறங்கியிருந்தது. "ரெண்டு நாளா சாப்பிடல. வெளிய விடத்தான் மனசு வருது. ஆனா அது போயிட்டா நாங்க யாருங்க? மறுபடி கெணத்துக்கு நடக்கிற ஆளுங்க."

இருவருடைய நியாயமும் நியாயமே. எடித் அம்மாவுக்கு ஆமை வெளியே போகவேண்டும். மரியம்மாவுக்கு ஆமை இருக்கவேண்டும். இருவரும் கதவடியில் குந்தினார்கள். றொஷான் கல்வெட்டை வாசித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா," என்றான் மரியம்மாவிடம், "திறந்து வச்ச நாளுக்குப் பிறகு ஆராவது உள்ளுக்க வந்து பாத்தவையோ?"

மரியம்மா யோசித்தார். "வந்தாங்க தம்பி. செவுத்தத்தான் பாத்தாங்க. படம் புடிச்சாங்க. உள்ள யாரும் வரல."

"அப்ப உள்ளுக்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

வெயில் தாழ்ந்தபோது, எடித் அம்மா கப்பித்தானைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிராமத்தின் பின்னால் உடைமரத்தடியில் இறக்கிவிட்டார். அது முதலில் அசையவில்லை. பிறகு கழுத்தை நீட்டி, அந்தக் காட்டை ஒரு முறை மேற்பார்வையிட்டது. எதிலும் திருப்தியடையாத அதே முகந்தான். ஆனாலும் நடந்தது. காய்ந்த இலைகளின்மேல் அதன் கால்கள் உரசும் ஓசை நெடுநேரம் கேட்டது.

"போய்வா," என்றார் எடித் அம்மா. அன்று அவர் ஏராளமாகப் பேச நினைத்திருந்தார். அவ்வளவுதான் வந்தது.

ஆக, பற்றைக்குள் விட்டுவிட்டு வருவோம் என்று றொஷான் முதலில் சொன்ன யோசனையே ஒன்றாக்கப்பட்ட இரண்டு கந்தோர்கள், ஒரு தொண்டு நிறுவனம், ஒரு பிரதம விருந்தினர் ஆகியோரின் அயராத உழைப்பினால் நிறைவேறியது.

அதன்பின் முன்னேற்ற மீளாய்வுக்காக முபீன் வந்தார். இம்முறை, துரதிர்ஷ்டவசமாக, உள்ளேயும் பார்த்தார்.

"குடும்பத் தலைவி எங்க?"

மாரிமுத்து சற்றும் தயங்கவில்லை. "வேலைக்குப் போயிருக்குதுங்க."

முபீன் நிமிர்ந்தார். கோபம் வரும் என்று அனைவரும் எதிர்பார்த்தனர். அவருடைய முகமோ மலர்ந்தது. இத்தனை ஆண்டுச் சேவையில், வாழ்வாதார உதவி பெற்ற எவரும் வேலைக்குப் போனதாக அவர் ஒருமுறையேனும் எழுத நேர்ந்ததில்லை. அன்று எழுதினார். 'புலரும் கரங்கள்' அதை வெற்றிக் கதையாக வெளியிட்டது. தையல் இயந்திரத்தின் பக்கத்தில் றெபேக்கா நின்ற படமும் வந்தது.

வெற்றிக்கு விளைவு உண்டு. தலைவி தொழில் பெற்ற குடும்பம், வறிய குடும்பம் அன்று. வறியதல்லாத குடும்பத்துக்கு உதவி இல்லை. குழாய் மூடப்பட்டது.

மாதிரிக் கிராமம் முழுவதும் கந்தோர் வாசலில் நின்றது.

"வேலைன்னு சும்மா சொன்னோம் சார்!" என்றார் மாரிமுத்து.

"சும்மா சொன்னதெண்டு நான் எழுதினா, பொய்த் தகவல் தந்த குற்றம் உங்களில வரும்."

"எங்களத் தனித்தனிக் குடும்பமாப் பழையபடி எழுதிடுங்க," என்றார் மரியம்மா.

"எழுதலாம். எனக்கும் அதுதான் நல்லம். நீங்கள் எல்லாரும் ஒரே குடும்பமாப் போனதில இலக்கில எனக்கு இப்ப ஒரு குடும்பந்தான் இருக்கு. மேலிடத்தில பேச்சு விழுகுது. ஆனா ஒவ்வொரு குடும்பத்துக்கும் தகுதியான தலைவர் வேணும்."

"நாங்க தகுதி இல்லீங்களா?"

முபீன் உண்மையாகவே வருந்தினார். "அம்மா, உங்கட கோவை எத்தினை தரம் மேல போய்த் திரும்பி வந்தது எண்டு எனக்குத் தெரியும். இந்தக் கந்தோரில போன வேகத்தில நிறைவேறின கோவை ஒண்டே ஒண்டுதான். அது ஆரின்ர கோவை எண்டு உங்களுக்கும் தெரியும். நான் வேற ஒண்டும் சொல்லேல்ல." சொல்லிவிட்டுச் சன்னலூடாகத் தூரத்தில் எங்கோ பார்த்தார்.

அன்று முதல் மாதிரிக் கிராமத்தார் வாளிகளுடன் பற்றைக்காட்டுக்குள் இறங்கினார்கள். செய்தி பரவிற்று. கொண்டச்சியிலிருந்து ஆட்கள் வந்தனர். தாழ்வுபாட்டிலிருந்து, வலைகளை உலரவிட்டுவிட்டு, மோட்டார் சைக்கிள்களில் வந்தனர். தன் விடுதிக்கு நகரசபைக் குழாய் போதவில்லை என்று றொட்னியும் வந்தார். பல தலைமுறையாக எவருக்கும் இடையூறின்றி வாழ்ந்த ஆமைகள் இடம்பெயர்க்கப்பட்டு, இடம்பெயர்ந்தவை என்று பதியப்பட்டு, மீள்குடியேற்றத்துக்குத் தகுதி பெற்றன. ஆமையை வீட்டில் வைத்திருத்தல் தண்டனைக்குரிய குற்றம் என்னும் அறிவித்தல், கந்தோர் வாசலில் நின்ற வரிசைக்கு மேல் தொங்கியது. வரிசை நேராக நிற்க அது உதவியது.

இலக்கு நிறைவேறியது, இலக்குக்கு மேலும் நிறைவேறியது. பாராட்டு வைபவத்துக்கு எடித் அம்மாவும் அழைக்கப்பட்டார். மறுநாள் விமானம், ஆயினும் வந்தார். ஒவ்வொரு கொட்டிலின் முன்னும் ஒரு வெள்ளைச் சுவர், ஒரு கல்வெட்டு, மாலையணிந்த ஓர் ஆமை. ஆமைகள் யாவும் ஒரே மாதிரி என்பது ஆமையோடு வாழாதவர்களின் எண்ணம். எடித் அம்மா ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து முகம் பார்த்துக்கொண்டே போனார். மரியம்மா பின்னாலேயே வந்தார். தன் வாசலில் இருந்ததைக் காட்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி ஆமையையும் பார்த்து முடித்தபின் எடித் அம்மா நிமிர்ந்து பெருமூச்சு விட்டார்.

"இல்லையா அம்மா?"

"இல்லை, மரியம்மா. தேடினவையின்ர கண்ணில அது படேல்ல."

அப்போது ஒலிவாங்கியில், இந்த மாவட்டத்தில் மீள்குடியேற வேண்டியவர் எவரும் இனி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இருந்த எவரும் தம் சொந்த இடத்தில் இல்லை, ஆமைகளும் இல்லை. சொந்த இடத்துக்கு உண்மையாகவே திரும்பிப் போன ஒரேயொரு சீவனோ, தொழில் பெற்றமையால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

முபீன் பேனையுடன் ஓடி வந்தார். "அம்மா, முன்னோடிப் பராமரிப்பாளர் எண்டு உங்களுக்கு ஒரு நற்சான்றிதழ் வருது. தபாலில அனுப்ப வேணும். நிரந்தர முகவரியைச் சொல்லுங்கோ."

எடித் அம்மா இரண்டு வீடுகளையும் எண்ணிப் பார்த்தார். கீரி வீட்டில் வேறு ஆட்கள் சமைக்கத் தொடங்கிவிட்டார்கள். கனடா வீட்டை அவர் படத்திலும் முழுமையாகக் கண்டதில்லை. சுவேதினி அனுப்பிய படத்தில் பனி மூடியிருந்தது. உங்களுக்கு அங்கே போக விருப்பமா, அங்கே வெயில் உண்டா, பேச ஆள் உண்டா என்று எந்த உத்தியோகத்தரும் எந்தப் பிள்ளையும் வந்து தேவை மதிப்பீடு செய்ததில்லை.

"வெறுமையா விடேலாது அம்மா," என்றார் முபீன்.

"அப்ப, கொண்டச்சிப் பத்தைக்காடு எண்டு போடுங்கோ தம்பி," என்றார் எடித் அம்மா. "அங்கதான் எனக்கெண்டு ஒரு ஆள் இருக்கு."